உர்பானுவின் மூக்கும் நாற்பத்தொரு சிப்பிகளும்

பெருங்கடல் நடுவே கிடக்கும் ஃபயால் தீவில் ஒரு மனிதரின் மூக்கை நம்பி நாற்பத்தொரு உயிர்கள் பிழைத்திருந்தன. அந்த மூக்கு மார்ச் மாதமே செத்துப்போயிருந்தது. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து அறிந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் அந்த மூக்கின் சொந்தக்காரரான உர்பானு. அவரும் யாரிடமும் சொல்வதாக இல்லை.

உர்பானுவின் வாழ்க்கை வரலாற்றை எழுத முனைபவர்கள் அதை மூக்கின் வழியாகத்தான் எழுத வேண்டியிருக்கும். எரிமலை கடலுக்குள்ளிருந்து கிளம்பி வந்து கூரைகள் மேலெல்லாம் சாம்பலைக் கொட்டிய வருஷத்தில் பிறந்தவர். ஊரில் பாதிப் பேர் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது, அவருடைய அப்பா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பிறந்த தேதியைப் போட்டுவிட்டதால், குடும்பம் தீவிலேயே தங்கிவிட்டது. அப்பாவுக்குத் திமிங்கிலத்தைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் ஆலையில் வேலை. பையன் வளர்ந்து சூரை மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைக்குப் போனான். அதுவும் மூடிய பிறகு, துறைமுகத்துக்கு மேலே இருந்த கடலாய்வு நிலையத்தில் தொட்டி கழுவும் வேலை கிடைத்தது. இப்படித் தலைமுறை தலைமுறையாக நாற்றத்தில் உயர்ந்துகொண்டே வந்த குடும்பம் அது. கடைசியில் உர்பானு அடைந்த இடம் அழுகிய முட்டை.

அந்த நிலையத்தின் அடித்தளத்தில், சரிவுக்குக் கீழே முற்றத்தைப் பார்த்தபடி, உயரத்தில் சிறு ஜன்னல்கள் வைத்த ஓர் அறை. அதற்குள் ஒரு குளிர்ந்த தொட்டி. தொட்டியில் எண்ணூற்றைம்பது மீட்டர் ஆழத்திலிருந்து போன கோடையில் இயந்திரக் கை பொறுக்கிக்கொண்டு வந்த சிப்பிகள். அறுபது வந்தன. நாற்பத்தொன்று மிஞ்சின. அந்த ஆழத்தில் சூரியன் என்ற சமாசாரமே கிடையாது. பாறைப் பிளவுகளிலிருந்து கொதிநீர் புகைபோல் எழும்பும், அதில் கந்தகம் இருக்கும், அந்தக் கந்தகத்தைத் தின்று வாழும் கிருமிகள் இந்தச் சிப்பிகளின் செவுளுக்குள் குடியிருந்து, தாங்களும் தின்று சிப்பிக்கும் சமைத்துப் போடும். மேலே நம்மைக் கொல்லும் வாயு அங்கே அன்றாடச் சோறு. இது போதாதென்று பல சிப்பிகளின் ஓட்டுக்குள் செதில் செதிலாக ஒரு புழுவும் வாடகை கொடுக்காமல் குடித்தனம் நடத்தும். இந்தக் கூட்டுக் குடும்பத்தை மேலே கொண்டுவந்து உயிரோடு வைத்திருக்க வேண்டுமானால், குளிர்ந்த கடல்நீரில் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு சொட்டு வீதம் கந்தகக் கரைசல் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். குறைந்தால் கிருமிகள் பட்டினியால் சாகும், பின்னாலேயே சிப்பியும் சாகும். கூடினால் சிப்பியே நேராகச் சாகும், பக்கத்தில் நிற்கும் மனிதரும் சாகலாம். உர்பானு இந்த நடுக்கோட்டில், வேறு வேறு சிப்பிக் கூட்டங்களோடு, பதினாறு வருஷமாக நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

தண்ணீரில் கந்தகம் எவ்வளவு என்று காட்டும் மானி நவம்பரில் கெட்டுப்போனது. புதியது கேட்டுத் தலைநகருக்குப் படிவம் போனது. பழைய மானியின் அடியில் பொறித்த எண்ணைக் குறிப்பிடவில்லை என்று திரும்பி வந்தது. அந்த எண்ணைக் கந்தகம் அரித்துவிட்டது என்று எழுதி அனுப்பினார்கள். அரித்த எண்ணைக் குறிப்பிடவும் என்று மறுபடி திரும்பி வந்தது. நிலையத்தின் தலைவி டாக்டர் கொன்ஸ்டான்சா கடலுக்கு அப்பால் பெரிய நிலத்தில் படித்துவிட்டு வந்தவர், காத்திருக்கும் குணம் இல்லாதவர். அவர் பதிவேட்டில் மானியின் கட்டத்தை அடித்துவிட்டு ‘நாற்றம்’ என்று எழுதினார். பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை. மூன்று என்றால் சரி. தினமும் காலையும் மாலையும் உர்பானு வாசலில் நின்று மோந்து பார்த்து எழுத வேண்டும். இப்படியாக உர்பானுவின் மூக்கு அரசாங்கக் கருவியாக நியமனம் பெற்றது. சம்பள உயர்வு கிடையாது.

மார்ச்சில் அவருக்கு ஒரு சளி பிடித்தது. சளி போனது, போகும்போது மோப்பத்தையும் கூடவே கொண்டுபோய்விட்டது. முதல் வாரம் திரும்பி வரும் என்று காத்திருந்தார். பூண்டை நசுக்கி மூக்குக்குள் வைத்தார். சமையலறையில் சாராயத்தையும் மண்ணெண்ணெயையும் மாறி மாறி மோந்தார். எல்லாம் ஒன்றுதான், வெறும் காற்று. அறைக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தின் நான்காவது விதி, மோப்பம் இல்லாதவர்கள் உள்ளே நுழையக் கூடாது என்றது. அதை ஒட்டியவர் அவர்தான். சொன்னால் அன்றைக்கே அவரை வரவேற்பறையில் உட்காரவைத்துவிடுவார்கள். புது ஆள் கேட்டுப் படிவம் போகும், படிவம் திரும்பி வரும், அதற்குள் தொட்டியில் வெறும் ஓடுதான் மிஞ்சும். ஜூனில் கப்பல் வரப்போகிறது. அதில் வரும் அறிஞர்கள் ஆழத்தில் இருக்கும் சிப்பிகளையும் ஓராண்டு மேலே வாழ்ந்த இந்தச் சிப்பிகளையும் ஒப்பிடப் போகிறார்கள். மூன்று வருஷ வேலை. அதுவரை எப்படியாவது ஓட்டிவிட்டால் போதும் என்று உர்பானு நினைத்தார். பதிவேட்டில் காலை மூன்று, மாலை மூன்று என்று எழுதினார்.

ஆனால் அவர் குருட்டாம்போக்கில் எழுதினார் என்று சொன்னால் அது அபாண்டம். அவரிடம் இன்னொரு கருவி இருந்தது. அதன் பெயர் சுல்மீரா. முப்பத்திரண்டு வருஷ மனைவி. மாலையில் அவர் வாசற்படியில் கால் வைத்ததும் சுல்மீரா வாய் திறப்பார். பின்கொட்டகையில் சட்டையைக் கழற்றிவிட்டு வா என்றால் மூன்று. முதலில் குளி, சோறு அப்புறம் என்றால் நான்கு. தலையணையைத் தூக்கிக்கொண்டு மகளின் பழைய அறைக்குப் போய்விட்டால் ஐந்து. இந்த அளவுகோலில் பிழை வந்ததே இல்லை. ஏப்ரல் முழுக்க உர்பானு மனைவியின் வசவைக் கேட்டு, மறுநாள் காலை அதற்கேற்பச் சொட்டைச் சரிசெய்து பதிவேட்டில் மூன்று எழுதினார். திட்டு வாங்கிவிட்டுச் சந்தோஷமாகப் போய்ப் படுக்கும் கணவரைப் பார்த்து சுல்மீராவுக்குச் சந்தேகம் வந்ததுண்டு. ஆனால் ஐம்பத்தேழு வயதில் இந்த ஆளை யார் சீண்டப்போகிறார்கள் என்று விட்டுவிட்டார்.

பிறகு கிரீடம் வந்தது.

ஈஸ்டர் முடிந்த ஞாயிறு, தெருவில் எல்லார் பெயரையும் ஒரு தொப்பியில் போட்டுக் குலுக்கினார்கள். பரிசுத்த ஆவியின் வெள்ளிக் கிரீடம் வாரத்துக்கு ஒரு வீடாக ஏழு வீட்டில் தங்கும். சுல்மீரா பதினோரு வருஷமாகப் பெயர் போட்டுக் காத்திருந்தவர். ஆறாவது வாரம் அவர் பெயருக்கு விழுந்தது. ஒரு மாசமாக வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார், திரை தைத்தார், சோபாவுக்கு உறை போட்டார், உர்பானுவுக்கும் ஒரு புதுச் சட்டை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கிரீடம் ஊர்வலமாக வந்து, முன்னறையில் வெள்ளைத் துணி விரித்த பீடத்தில், ரோஜாக்களுக்கும் மெழுகுவத்திகளுக்கும் நடுவே, உச்சியில் சிறு புறாவோடு, நிலா மாதிரி உட்கார்ந்தது. இனி தினமும் மாலை ஏழு மணிக்கு, வெயில் இருக்கும்போதே, தெருவே கூடி ஜெபமாலை சொல்லும். முடிந்ததும் புறாவை முத்தமிட்டுவிட்டு இனிப்பு ரொட்டியும் ஒயினும் சாப்பிட்டுவிட்டுப் போகும்.

அந்தத் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கிரீடம் இருக்கும் வீட்டுக்குள் யாரும் எதைப் பற்றியும் குறை சொல்லக் கூடாது. எப்போதோ ஒருவர் சூப்பில் உப்பு அதிகம் என்றாராம், அந்த வாரம் பூமி அதிர்ந்ததாம். அன்றிலிருந்து உப்பு மட்டுமல்ல, மழை, விலைவாசி, மருமகள், நகராட்சி எதையும் கிரீடத்தின் காதுபடப் பேசுவதில்லை. இதனால் அந்த வீட்டில் பேச்சே பாதியாகக் குறைந்துபோகும். குறையைக் கழித்துவிட்டால் அயலாரிடம் பேச என்னதான் மிஞ்சுகிறது?

திங்கட்கிழமை மாலை உர்பானு வேலை முடிந்து வந்து வாசற்படியில் நின்றார். சுல்மீரா அவரைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

“வா, உர்பானு. களைச்சுப் போயிருப்பே. உள்ள வந்து உக்காரு.”

உர்பானு பின்கொட்டகைப் பக்கம் கை காட்டினார். பின்கொட்டகை? அங்கே ஞாயிற்றுக்கிழமை தெருவுக்கே வைக்கப்போகும் சூப்புக்கான அண்டாக்களும் விறகும் நிறைந்து கிடந்தன. சட்டையைக் கதவுக்குப் பின்னாலேயே மாட்டிக்கொள்ளச் சுல்மீரா சொல்லிவிட்டார். உர்பானு மாட்டினார். ஜெபமாலைக்கு வந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். எல்லாரும் திருவிழாப் படம் மாதிரி சிரித்த முகமாக இருந்தார்கள். அன்று இரவு அவர் தூங்கவில்லை. இந்த மௌனம் வழக்கத்தால் வந்ததா, இல்லை சொட்டுக் குழாய் அடைத்துக்கொண்டதால் வந்ததா? வழக்கம் என்று எண்ணிச் சும்மா இருந்து, உண்மையில் குழாய் அடைத்திருந்தால், சிப்பிகள் பட்டினி. அடைப்பு என்று எண்ணிக் கூட்டி, உண்மையில் வழக்கமாக இருந்தால், விஷம். கண்ணால் பார்த்தால் சொட்டு விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் குப்பியில் கரைசல் பழசாகி வீரியம் போயிருந்தால் அதைக் கண் எப்படிச் சொல்லும்?

செவ்வாய்க்கிழமை துணிந்து கேட்டுப் பார்த்தார். சுல்மீரா மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

“ஏதாச்சும் வாசனை வருதா உனக்கு?”

சுல்மீரா கையை நிறுத்தி அவரை ஒரு நிமிஷம் கூர்ந்து பார்த்தார். பிறகு அதே பரலோகப் புன்னகை.

“ரோஜா வாசனை வருது. நல்லா வருது.”

முப்பத்திரண்டு வருஷ அனுபவத்தை வைத்து உர்பானு கணக்குப் போட்டார். தெருக்காரர்கள் வாயைக் கட்டிக்கொள்ளலாம். சுல்மீராவால் முடியாது. தன் தம்பியின் கல்யாணத்திலேயே, பாதிரியார் பேசிக்கொண்டிருக்கும்போதே, உர்பானுவின் சட்டை நாறுகிறது என்று சொன்ன பெண்மணி. ஆகவே கரைசலின் வீரியம்தான் போயிருக்கிறது. புதன்கிழமை காலை சொட்டைப் பதினெட்டாக்கினார். பதிவேட்டில் மூன்று.

ஆனாலும் நிம்மதி இல்லை. விஞ்ஞானக் கூடத்தில் பதினாறு வருஷம் தொட்டி கழுவியவர், அவருக்கும் கொஞ்சம் விஞ்ஞானம் ஒட்டியிருக்கும் அல்லவா. பரிசோதனை ஒன்று செய்து பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். தொட்டித் தண்ணீரை ஒரு சின்னக் குப்பியில் பிடித்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து, யாரும் பார்க்காத நேரத்தில், பீடத்தின் வெள்ளைத் துணிக்கு அடியில், பூச்சாடிகளுக்கு நடுவே, தக்கையைத் தளர்த்தி வைத்தார். கிரீடத்துக்கு ஒரு முழம் கீழே. எவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷனாக இருந்தாலும், மூக்குக்கு நேரே அழுகிய முட்டையை நீட்டினால் ஒரு சுளிப்பாவது வராதா என்பது அவருடைய ஆய்வுக் கேள்வி.

அன்று ஜெபமாலையை நடத்தியவர் ஜெர்வாசியு. உர்பானுவின் மகளுக்கு ஞானத் தகப்பன், அந்த முறையில் உர்பானுவுக்குக் கொம்பாத்ரே, ஓய்வுபெற்ற மீனவர். பீடத்துக்கு மிக அருகில் மண்டியிட வேண்டிய பதவி. உர்பானு அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஜெர்வாசியுவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஜெபத்தை ஏலம் போடுவதுபோல ஓட்டினார். நாற்பது நிமிஷ ஜெபமாலை பதினெட்டு நிமிஷத்தில் முடிந்தது. புறாவை முத்தமிடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு முத்தமிட்டார். எழுந்து உர்பானுவின் கையைப் பற்றி, ரோஜா ரொம்ப அருமை, பக்தியில் கண் கலங்கிவிட்டது என்றார். கூட இருந்தவர்களும் பக்தி பொங்கத்தான் பொங்கியது என்று தலையாட்டினார்கள். ரொட்டியைச் சாப்பிடாமல் பொட்டலமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

உர்பானு குப்பியை வெறித்துப் பார்த்தார். இவ்வளவு பக்கத்தில் வைத்தும் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. அப்படியானால் இதில் கந்தகமே இல்லை. தன் இனத்தாரின் மரியாதையை அவர் குறைத்து மதிப்பிட்டுவிட்டார். சரித்திரத்தில் பல பெரிய தவறுகள் இதைவிடச் சின்னக் காரணத்தால் நடந்திருக்கின்றன.

வியாழக்கிழமை சொட்டை முப்பதாக்கினார். குப்பித் தண்ணீரையும் மாற்றி வைத்தார். அன்று ஜெபமாலை பதினொரு நிமிஷம். வெள்ளிக்கிழமை காலை தொட்டியறையில் அவருக்குத் தலை வலித்தது, கண் எரிந்தது. முந்தின நாள் குடித்த ஒயின்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டார். சிப்பிகள் எல்லாம் இறுக மூடிக் கிடந்தன. பசித்தவன் வாயைத் திறப்பானா மூடுவானா என்று அரை மணி நேரம் யோசித்தார். பதில் தெரியவில்லை. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, பதிவேட்டில் எண்ணை எழுதப் பேனாவைத் தூக்கிவிட்டு, எழுதாமல் வைத்தார். அப்புறம் எழுதினார். மூன்று.

அன்று மாலை ஜெர்வாசியு ஒன்பதே நிமிஷத்தில் கடைசி ஆமென் சொல்லி, முத்தத்துக்காகக் கிரீடத்தைத் தட்டோடு தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். ஜன்னல் வழியாக விழுந்த மாலை வெயிலில் எல்லாருக்கும் தெரிந்தது. நிலா மாதிரி வந்த கிரீடம் அடுப்பிலிருந்து எடுத்த கரண்டி மாதிரி கறுத்திருந்தது. புறா காக்கையாகியிருந்தது.

யாரும் பேசவில்லை. பேச முடியாது, வழக்கம் இருக்கிறது. ஆனால் இருபது ஜோடிக் கண்களும் மெதுவாகச் சுல்மீராவிடம் போயின. எந்த வீட்டில் ஒப்புக்கொள்ளப்படாத பாவம் இருக்கிறதோ அங்கே இப்படி ஆகலாம் என்று எல்லாரும் நினைத்தது காதில் விழும்போல இருந்தது. சுல்மீராவின் முகம் வெளிறிப்போனது. பதினோரு வருஷம் காத்திருந்து, சுண்ணாம்பு அடித்து, திரை தைத்து, ஐந்து நாள் நாக்கைக் கடித்துக்கொண்டிருந்த பெண்.

உர்பானுவுக்கு மட்டும் கறுத்த வெள்ளியின் அர்த்தம் வேறாகப் புரிந்தது. டாக்டர் கொன்ஸ்டான்சாவின் வெள்ளி மோதிரம் முதல் மாசமே இப்படித்தான் கறுத்தது. அதற்குப் பிறகு அவர் மோதிரத்தை மேஜைக்குள் பூட்டிவிட்டுத்தான் அந்த அறைக்கு வருவார். கந்தக வாயு பட்டால் வெள்ளி கறுக்கும். மனுஷர்கள் மரியாதைக்காகச் சும்மா இருப்பார்கள், வெள்ளிக்கு அந்தப் பழக்கம் இல்லை. குப்பியில் கந்தகம் இருந்திருக்கிறது. தொட்டியில் திங்கட்கிழமையிலிருந்தே இருந்திருக்கிறது. அதன் மேல் அவர் முப்பது சொட்டு ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

சொல்லாமல் ஓடிவிடலாம். ஓடினால் பாவம் சுல்மீராவின் தலையில் விழும். உர்பானு குனிந்து, துணிக்கு அடியிலிருந்து குப்பியை எடுத்து, எல்லாருக்கும் தெரியும்படி நீட்டினார்.

“கறுத்தது இதனாலதான். வச்சது நான். எனக்கு மார்ச்சிலேருந்து மூக்கு வேலை செய்யல. நாறுதா இல்லையான்னு தெரிஞ்சுக்கத்தான் வச்சேன். யாருமே ஒண்ணும் சொல்லல.”

பிறகு ஜெர்வாசியு கிரீடத்தைப் பீடத்தில் வைத்தார், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார், படியிறங்கினார், இரண்டு காலையும் தெருவில் ஊன்றித் திரும்பி நின்றார்.

“கொம்பாத்ரே, மன்னிச்சுக்குங்க. இப்ப நான் தெருவுல நிக்கிறேன். உங்க வீடு திங்கக்கிழமையிலேருந்து கரை ஒதுங்கின திமிங்கிலம் மாதிரி நாறுது. புதன்கிழமை நான் செத்துட்டேன்னே நெனச்சேன்.”

அவர் பின்னாலேயே ஒவ்வொருவராகப் படியிறங்கி, தெருவில் கால் வைத்ததும் வாயைத் திறந்தார்கள். ஒருவர் ரொட்டியை நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது என்றார். ஒருவர் தம் மனைவி மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார், அந்த மனைவி பஞ்சை எடுத்துக் காட்டினார். ஐந்து நாள் சேர்த்து வைத்த குறைகள் ஒரே நேரத்தில் தெருவில் கொட்டின. உர்பானுவுக்கு அவை ஒவ்வொன்றும் ஓர் எண்ணாகக் கேட்டது. ஐந்து, ஐந்து, ஐந்து.

கடைசியாக சுல்மீராவும் இறங்கி வந்தார்.

“வாசனை வருதான்னு நீ கேட்டப்ப, என்னைச் சோதிக்கிறதா நெனச்சேன். நான் வாய் தவறி ஏதாவது சொல்லி, என் வாரம் கெட்டுப்போகணும்னு கேக்கிறதா. புதன்கிழமையிலேருந்து வாயால மூச்சு விட்டுக்கிட்டிருக்கேன், உர்பானு.”

“எதுக்கு உன்னை நான் சோதிக்கணும்?”

“வேற எதுக்கு முப்பது வருஷத்துல முதல் தடவையா வாசனையைப் பத்திக் கேப்பே?”

தொட்டியில் முப்பது சொட்டு இன்னும் விழுந்துகொண்டிருந்தது. ஜெர்வாசியுவின் வேனில் மூவரும் நிலையத்துக்குப் போனார்கள். அடித்தள நடையில் கதவுக்குப் பத்தடி முன்னாலேயே சுல்மீரா நின்றுவிட்டார். உர்பானு எதுவும் தெரியாமல் நேரே நடந்துகொண்டிருந்தார். சுல்மீரா சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். உள்ளே போனால் திரும்பி வரமாட்டாய் என்று மட்டும் சொன்னார், இந்தத் தடவை சத்தமில்லாமல். நடையில் இருந்த மின்சாரப் பெட்டியில் சொட்டு இயந்திரத்தை உர்பானு நிறுத்தினார். முற்றத்துக்கு ஓடி, படகுக் கொக்கியால் வெளியிலிருந்தே ஜன்னல்களைத் தள்ளித் திறந்தார்கள். மேல்தொட்டியிலிருந்து இறங்கும் கடல்நீர்க் குழாயை முழுக்கத் திருப்பிவிட்டார்கள். அதற்கு மேல் செய்ய எதுவும் இல்லை. எண்ணூற்றைம்பது மீட்டர் பாரத்தையும் தாங்கிய பிராணிகள், ஒரு மனுஷனின் வெட்கத்தைத் தாங்குமா என்பது தெரிய விடிய வேண்டும்.

டாக்டர் கொன்ஸ்டான்சா ஒரு கூட்டத்துக்காக அடுத்த தீவுக்குப் போயிருந்தார். மூடுபனியால் விமானங்கள் நின்றிருந்தன. தொலைபேசியில் உர்பானு ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

“பதிவேட்டுல என்ன எழுதினீங்க?”

“மூணு, டொத்தோரா.”

“தினமுமா?”

“காலையும் சாயங்காலமும்.”

“சென்யோர் உர்பானு, உங்க வேலையைப் பத்திக் கப்பல் வந்துட்டுப் போன பிறகு பேசலாம். இப்ப ஒண்ணே ஒண்ணு. மூக்கு இருக்கிற யாரையாவது உள்ள அனுப்புங்க. நீங்க அந்தக் கதவுக்குள்ள கால் வைக்கக் கூடாது. நாலாவது விதி.”

மூக்கு இருக்கிற ஆள் என்று அந்த நேரத்தில் யார் இருக்கிறார்கள்? சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, மறுநாள் தெருவுக்கே சூப்பு வைக்க வேண்டிய பெண்மணி, அண்டாக்களை ஜெர்வாசியுவின் மனைவியிடமும், துலக்கி எடுக்க வேண்டிய கறுத்த கிரீடத்தைச் சோடா உப்போடு மற்ற பெண்களிடமும் ஒப்படைத்துவிட்டு, ரப்பர் காலணி மாட்டிக்கொண்டு தொட்டியறை வாசலில் நின்று மோந்தார். கொஞ்சம்தான் இருக்கிறது, நீ சாதாரணமாக வீட்டுக்கு வருவாயே அதைவிடக் குறைவு என்று அறிவித்துவிட்டு உள்ளே போனார். உர்பானு முற்றத்தில், தலைக்கு மேலிருந்த ஜன்னலுக்குக் கீழே, ஒரு மீன்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். உள்ளே என்ன நடக்கிறது என்று குரலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்த மனைவி பிரசவ அறையில் இருந்தபோதுகூட அவர் இவ்வளவு தவிக்கவில்லை. அதை அவரே ஒரு தடவை, தப்பான இடத்தில், சுல்மீராவிடம் சொல்லியும் விட்டார்.

எட்டு மணிக்கு நாற்பத்தொன்றும் மூடிக் கிடந்தன. ஒன்பதுக்கும் அப்படியே. ஒன்பதரைக்கு ஒன்று திறந்திருப்பதாக ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. உர்பானு பெட்டியிலிருந்து எழுந்துவிட்டார்.

“எழுந்திருச்சுடாதே,” என்றார் சுல்மீரா, பார்க்காமலேயே. “செத்தாலும் தொறக்கும்னு நீதானே சொன்னே.”

அதுதான் வினை. உயிருள்ள சிப்பியும் திறக்கும், செத்த சிப்பியும் திறக்கும். தொட்டால் மூடிக்கொண்டால் உயிர். மூடாவிட்டால் எடுத்து வெளியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றவையும் கெடும். கண்ணாடிக் குச்சியால் தொடச் சொன்னார் உர்பானு. முதலாவது மூடிக்கொண்டது. இரண்டாவது மூடிக்கொண்டது. மூன்றாவது மூடவில்லை. சுல்மீரா அதை ஒரு வாளியில் போட்டார். வாளியில் ஓடு விழும் சத்தம் முற்றம்வரை கேட்டது. அந்தச் சத்தம் மதியத்துக்குள் ஆறு தடவை கேட்டது. ஒவ்வொரு தடவையும் உர்பானு பெட்டியின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார். நடுவில் ஒரு தடவை சுல்மீரா, உள்ளே ஒரு புழு எட்டிப் பார்க்கிறது, அது யார் என்று கேட்டார். குடித்தனக்காரர் என்றார் உர்பானு. புழு உயிரோடு இருக்கிறதா என்று கேட்டதற்கு, ரொம்ப நன்றாக இருக்கிறது, யார் வீட்டிலும் ஓசியில் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று பதில் வந்தது.

பன்னிரண்டு மணிக்கு முப்பத்துநான்கு உயிர். ஆறு வாளியில். மிச்சம் ஒன்று. பதினேழாம் எண் ஒட்டிய பெரிய சிப்பி. மூலையில், குழாய்க்கு நேர் கீழே, அதிகமாக விஷம் குடித்த இடத்தில் இருந்தது. பாதி திறந்து கிடப்பதாகச் சுல்மீரா சொன்னார்.

“தொடு.”

“குச்சி எட்டல. குழாய்க்குப் பின்னாடி இருக்கு.”

உர்பானு யோசித்தார். அவருடைய சட்டையையே இருபது வருஷமாக இரண்டு விரலால் தூக்கித் துவைத்த பெண்மணி அவர்.

“விரலாலதான் தொடணும்,” என்றார், கேட்குமா கேட்காதா என்ற குரலில். “ஓரத்துல, மெதுவா.”

உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. கீழே துறைமுகத்தில் பக்கத்துத் தீவான பீக்கோவுக்குப் போகும் படகு சங்கு ஊதியது. உர்பானு பெட்டியில் உட்காரவும் முடியாமல் எழுந்திருக்கவும் முடியாமல் பாதியில் நின்றார். கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தார், கேட்டால் பதில் வந்துவிடுமே என்று மூடிக்கொண்டார்.

“சுல்மீரா?”

“இரு.”

மறுபடி தண்ணீர்ச் சத்தம்.

“மூடிக்கிச்சு,” என்றது ஜன்னலிலிருந்து குரல். “என் விரலைச் சேர்த்து. விட மாட்டேங்குது. இப்ப நான் என்ன பண்ணணும்னு சொல்லு.”

ஒன்றும் பண்ண வேண்டாம், அப்படியே இரு என்றார் உர்பானு.